தனியாளாக விற்கும் மென்பொருளுக்கு லைசென்ஸ் கீ அமைப்பது எப்படி?

லைசென்ஸ் கீ என்பது பணம் கொடுத்து வாங்கியவர் நிரலில் இடும் குறியீடு. நிரல் ஓடுவது வாங்கியவரின் கணினியில். அங்கே நீங்கள் வைக்கும் எந்தச் சோதனையும் கடைசியில் "கீ சரியா, இல்லையா" என்ற ஒரே முடிவில் வந்து நிற்கும். எக்ஸ்86 செயலிகளில் (இன்டெல், ஏஎம்டி வகை) அந்த முடிவைப் பொறுத்து வழி பிரிக்கும் கிளைக் கட்டளை பெரும்பாலும் ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண்ணில்) 74 அல்லது 75. ஒன்றை மற்றொன்றாக மாற்றினால் போதும், பூட்டு திறந்துவிடும். இதுதான் பேட்ச். இதை முழுதாகத் தடுக்க எவராலும் முடியாது. அதற்காக மாதக்கணக்கில் உழைக்காதீர்கள்.

தடுக்கக்கூடியது கீஜென். அதாவது, உங்கள் கணக்கைக் கண்டுபிடித்துப் புதுப்புது கீ அச்சடிக்கும் நிரல். பேட்ச் செய்த கோப்பு உங்கள் அடுத்த வெளியீட்டில் பழசாகிவிடும். கீஜென் வெளியானால் அது எல்லா வெளியீடுகளையும் திறக்கும். "எழுத்துகளைக் கூட்டி 97-ஆல் வகுத்தால் மீதி 1" போன்ற சோதனைகள் இப்படித்தான் தோற்கின்றன: சரிபார்க்கும் சூத்திரத்தைப் படித்தால் உருவாக்கும் சூத்திரமும் கைக்கு வந்துவிடும். டிஜிட்டல் கையொப்பத்தில் அது நடக்காது: ரகசியச் சாவியால்தான் கையொப்பமிட முடியும், நிரலில் உள்ள பொதுச் சாவியால் சரிபார்க்க மட்டுமே முடியும்.

ஈடி25519 என்ற கையொப்ப முறையை எடுத்துக்கொள்ளுங்கள். லிப்சோடியம் போன்ற ஆயத்த நிரல் நூலகம் போதும், சொந்தமாகக் கிரிப்டோ (மறையாக்க நிரல்) எழுத வேண்டாம். ஒரு சாவி இணை உருவாக்குங்கள். 32 பைட் பொதுச் சாவி நிரலுக்குள் போகும். ரகசியச் சாவி கீ தயாரிக்கும் இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். கிட் களஞ்சியத்தில் (நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் இடம்) ஒருமுறை ஏறிவிட்டால், பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் (சேமித்த பதிப்பில்) கிடக்கும். ரகசியச் சாவிக்குப் பாதுகாப்பான இரண்டு இடங்களில் நகல் வையுங்கள். தொலைத்துவிட்டால் புதிய பொதுச் சாவியோடு புது வெளியீடு விட வேண்டும். பழைய வாடிக்கையாளர்களுக்காகப் பழைய பொதுச் சாவியையும் உள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

கீயில் வைக்க வேண்டிய விவரங்கள்: வடிவப் பதிப்பு 1 பைட், பொருள் எண் 1, லைசென்ஸ் எண் 4, விற்ற தேதி 2, அப்டேட் முடியும் தேதி 2, எத்தனை கணினிக்கு என்பது 1, பெயரின் நீளம் 1. ஆக 12 பைட். தேதியை 1-1-2000 முதல் எத்தனையாவது நாள் என்று எழுதினால் 2 பைட்டில் 179 ஆண்டு அடங்கும். பிறகு பெயர், கடைசியில் 64 பைட் கையொப்பம். பெயர் 20 பைட் என்றால் மொத்தம் 96. பைட்டுகளை எழுத்துகளாக்கும் பேஸ்64 முறையில் 128 எழுத்து.

பெயரைப் பயனரிடம் தட்டச்சு செய்யச் சொல்லி ஒப்பிடாதீர்கள். தமிழில் "கொ" என்பதை ஒற்றைக் குறியான ஒகரத்தாலும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, பைட் வேறு, கையொப்பம் பொருந்தாது. பெயர் கீக்குள்ளேயே இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதை "பற்றி" சாளரத்தில் காட்டுங்கள்: தன் பெயர் தெரியும் கீயை ஊருக்குக் கொடுக்கப் பலர் தயங்குவார்கள்.

128 எழுத்தை யாரும் தட்டச்சு செய்ய மாட்டார்கள், ஒட்டத்தான் செய்வார்கள். மின்னஞ்சல் நடுவில் வரி உடைக்கும். ஆகவே இடைவெளி, வரிமுறிவு எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சரிபாருங்கள். குட்டையான கீதான் வேண்டும் என்றால், 20 எழுத்துத் தற்செயல் குறியீட்டைக் கொடுத்து, சர்வர் அதை வாங்கிக்கொண்டு கையொப்பமிட்ட லைசென்ஸைத் திருப்பித் தரும்படி செய்யலாம். அதற்குக் கிராக்ஃபோர்டின் பேஸ்32 என்ற எழுத்து முறை நல்லது: ஆங்கில ஓ, ஐ, எல் எழுத்துகள் வராததால் 0, 1 குழப்பம் இல்லை.

சர்வர் வந்தால் கூடவே பொறுப்பும் வரும். பதில் வராவிட்டால் நிரல் தொடர்ந்து ஓட வேண்டும். "ரத்து" என்று தெளிவாகச் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள். அலுவலக ஃபயர்வால், ப்ராக்ஸி (இணையத்துக்கு நடுவே நிற்கும் சர்வர்), நீங்களே புதுப்பிக்க மறந்த டிஎல்எஸ் சான்றிதழ் (சர்வரின் பாதுகாப்பு இணைப்புச் சான்று) என்று காரணம் எதுவாக இருந்தாலும், பணம் கொடுத்தவரே மாட்டிக்கொள்வார். சர்வரின் பதிலும் கையொப்பமிட்டதாக இருக்கட்டும். கேள்வியில் அனுப்பிய தற்செயல் எண் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (இணையப் பெயர் எந்த முகவரிக்குப் போகும் என்று கணினியில் குறிக்கும் கோப்பு) ஒரு வரி மாற்றிப் போலி சர்வரைக் காட்டிவிடுவார்கள்.

கணினியோடு கட்டுவது கடைசி வழி. மேக் முகவரி (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) நம்பத்தக்கதல்ல. லேப்டாப்பில் டாக் (கூடுதல் இணைப்புப் பெட்டி) செருகினால், வைஃபை முகவரியை மாற்றிக்கொண்டால் போச்சு. விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியின் (அமைப்பு விவரங்கள் பதியும் இடம்) கிரிப்டோகிராஃபி பகுதியில் உள்ள மெஷின் ஜியூஐடி என்ற அடையாள எண் தேவலாம். ஆனால் விண்டோஸை மறுபடி நிறுவினால் அது மாறும், வட்டை நகலெடுத்தால் இரண்டு கணினியிலும் ஒன்றாக இருக்கும். 32 பிட் நிரல் 64 பிட் விண்டோஸில் அதைத் தேடும்போது வேறு கிளைக்குத் திருப்பப்பட்டு வெறுங்கையோடு திரும்பும். 64 பிட் கிளையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு லைசென்ஸுக்கு 3 கணினி என்று தாராளமாக விடுங்கள், பழையதை விடுவிக்கும் பொத்தானும் வையுங்கள்.

அப்டேட் காலத்தைக் கணினிக் கடிகாரத்தோடு ஒப்பிட வேண்டாம். நிரலுக்குள் பதிந்த பில்ட் தேதியோடு (அந்த வெளியீடு தயாரான நாள்) ஒப்பிடுங்கள். யாரும் கடிகாரத்தைத் திருப்பி ஏமாற்ற முடியாது. வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கும் சோதனைக் காலத்துக்குத்தான் கடிகாரம் வேண்டும். கடைசியாகப் பார்த்த நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) சேமித்து, 48 மணி நேரத்துக்கு மேல் பின்னே போனால் மட்டும் கேள்வி கேளுங்கள். ஒருமுறை தவறுதலாக 2040 என்று ஓடிய கணினி பிறகு சரியானால், உங்கள் சேமிப்பில் மட்டும் 2040 நின்றுவிடும்; அதைச் சரிசெய்ய ஒரு வழி வையுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெற்றவர்களின் லைசென்ஸ் எண்களை ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு பட்டியலாகச் சேர்த்துவிடுங்கள். கீ தவறென்றால் நேராகச் சொல்லுங்கள். ரகசியமாகக் கோப்பைக் கெடுக்கும் பொறிகள் வேண்டவே வேண்டாம், அவை "இந்த மென்பொருளில் பிழை" என்ற பெயரைத்தான் வாங்கித் தரும்.

வெளியிடும் முன் துருக்கி மொழி அமைப்பில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அங்கே சிறிய ஆங்கில ஐ எழுத்து, புள்ளி வைத்த வேறொரு பெரிய எழுத்தாக மாறும். ஐ எழுத்து வரும் குறியீட்டைப் (கிராக்ஃபோர்டின் பேஸ்32-ல் அது வராது) பெரிய எழுத்தாக்கும் வரி மொழி அமைப்பைச் சாராததாக இல்லாவிட்டால், ஒரு எழுத்துகூடப் பிசகாமல் கொடுத்த கீயும் அங்கே தோற்றுப்போகும்.