மூங்கில் குழலோடு எலக்ட்ரானிக் இசை: சிந்த்தைக் குழலிடம் அழைத்து வாருங்கள்

நாட்டுப்புறக் குழலை எலக்ட்ரானிக் இசையில் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் பீட்டை முழுதாகக் கட்டிவிட்டு, அதன்மேல் குழலை ஒட்டப் பார்க்கிறார்கள். நான் தலைகீழாகத்தான் செய்வேன். மூங்கிலில் துளை போட்ட அன்றே குழலின் சுருதி முடிவாகிவிட்டது. சிந்த்தின் (சிந்தசைசர் எனும் மின்னணு இசைக்கருவியின்) சுருதியையோ ஒரு திருகலில் மாற்றிவிடலாம்.

குழலைக் கொஞ்ச நேரம் ஊதிச் சூடேற்றுங்கள். அப்புறம் ஷட்ஜத்தை நீளமாகப் பிடித்து ட்யூனர் ஆப்பில் பாருங்கள். 5 கட்டைக் குழல் (கட்டை என்பது சுருதி அளவு) என்றால் ‘ஜி’ காட்ட வேண்டும். ஆனால் திருவிழாக் கடையில் வாங்கிய குழல் 20 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) தள்ளி நிற்பது சகஜம். அது எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அதே அளவு சிந்த், பேஸ் (அடித்தள ஒலி) எல்லாவற்றையும் நகர்த்துங்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். அதனால் ஏசியையும் மின்விசிறியையும் அணைத்துவிட்டு, வியர்த்தாலும் பரவாயில்லை என்று ஒரே அமர்வில் எடுத்துவிடுங்கள். இடையில் அறை குளிர்ந்தால் முதல் டேக்கும் கடைசி டேக்கும் ஒட்டாது.

மைக்கை வாய்த்துளைக்கு நேராக வைத்தால் காற்றுச் சீறல்தான் விழும். குழலின் ஒலி விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. ஒன்றரை அடி தள்ளி, நெற்றி உயரத்தில், குழலின் நடுப்பகுதியைப் பார்த்தபடி வையுங்கள்.

வாசிப்பவர் வேறொருவர் என்றால், சம்பளமும் பாட்டில் அவர் பெயர் எப்படி வரும் என்பதும் பதிவுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை. ஊர்க் கலைஞரின் வாசிப்பைப் பெயரில்லாத ‘சாம்பிள்’ ஆக்குவதை என்னால் ஏற்கவே முடியாது.

மெட்ரோனோமின் டிக் டிக்கைக் காதில் போட்டால் வாசிப்பு விறைத்துப்போகும். கும்மிக் கைதட்டலையோ ஒரு பறை அடியையோ திரும்பத் திரும்ப ஓடும் லூப்பாகப் போடுங்கள், கூடவே தம்புரா. கும்மி, தெம்மாங்கு மெட்டுகளில் திசிர நடை (ஒரு அடியை மூன்றாகப் பிரிப்பது) அதிகம். மென்பொருளின் கிரிட்டையும் (தாளக் கோடுகளையும்) ட்ரிப்லெட்டுக்கு, அதாவது மும்மூன்றாக, மாற்றிவிடுங்கள். பதிவான பிறகு ஒவ்வொரு சுரத்தையும் கோட்டுக்கு இழுத்து குவாண்டைஸ் செய்யாதீர்கள்; தேவையென்றால் டெம்போவைக் குழலுக்கேற்ப வளையுங்கள். சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோ-ட்யூன் கூடவே கூடாது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் அந்தக் குழைவை அது படிக்கட்டாக வெட்டிவிடும். அந்தக் குழைவு போனால் கீபோர்டில் இருக்கும் குழல் ஒலியே போதுமே, ஆளை எதற்குக் கூப்பிட வேண்டும்?

எனக்கு மிகப் பிடித்த வேலை இனிமேல்தான். பதிவான குழலிலிருந்தே பின்னணியை உருவாக்கலாம். நீளமான ஒரு ஷட்ஜத்தை வெட்டியெடுத்துப் பாதி வேகத்தில் ஓடவிடுங்கள். ஒரு ஸ்தாயி இறங்கும். இன்னும் பாதியாக்கினால் இரண்டு ஸ்தாயி. அதில் ரிவெர்ப் (அறை முழக்கம்) சேர்த்து லூப் போட்டால் அடர்த்தியான பேட், அதாவது நீண்டு ஒலிக்கும் பின்னணி, கிடைக்கும். அதே குழலிலிருந்து வந்ததால் சுருதி தானாகவே சேர்ந்திருக்கும். சுரம் தொடங்கும் முன் வரும் ‘ஃப்’ என்ற மூச்சை ஹை-ஹாட்டாக (டிரம்ஸின் தட்டு ஓசைபோல) வையுங்கள். விரல் துளையில் தட்டும் சின்ன ஓசையும் நல்ல தாளவாத்தியம். பலர் குப்பை என்று அழிப்பது இவற்றைத்தான்.

சிந்த்தில் மேஜர், மைனர் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) போடும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். கீபோர்டின் மேஜர் மூன்றாம் சுரம், இயல்பான அந்தர காந்தாரத்தைவிட 14 சென்ட் கூடுதல். குழல் காந்தாரத்தில் நிற்கும்போது இரண்டும் உரசும். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், ஆகவே ச–ப மட்டும் பிடித்தால் பாதுகாப்பு. மெட்டு மோகன ராகம் என்றால், சுரங்களை ஒவ்வொன்றாகத் தானே வாசிக்கும் ஆர்பெஜியேட்டரையும் அதே ஐந்து சுரத்துக்குள் பூட்டிவிடுங்கள். 5 கட்டையில் ஜி, ஏ, பி, டி, ஈ.

மிக்ஸிங்கில் அதிக வேலை இல்லை. குழல் ட்ராக்கில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். பேடில் 600 முதல் 1500 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் குறைத்து வழி விடுங்கள். டிலேயும் (எதிரொலியும்) நடையோடு சேர வேண்டும்: 100 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 100 அடி) திசிரத்துக்கு 200 மில்லிசெகண்ட்.

கடைசியில் போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். பேஸ் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். குழலையும் கைதட்டலையும் மட்டும் வைத்து மெட்டும் நடையும் பிடிபட்டால் வெளியிடலாம். பிடிபடவில்லை என்றால் பேடை இன்னும் 2 டெசிபல் இறக்கிவிட்டு மறுபடி கேளுங்கள்.