நெஞ்சுச் சளியோடு இங்கிலாந்து வந்தவர்களுக்கு: ஆர்.எஸ்.வி. ஊசி போடலாமா?

ஊரில் "நெஞ்சுச் சளி", "வீசிங்", "பழைய டி.பி.யின் தழும்பு" என்று ஆளுக்கொரு பெயரில் சொல்லப்பட்ட நோய், சி.டி. ஸ்கேனில் பார்த்தால் பலருக்கு பிராங்கியெக்டேசிஸாக இருக்கும். மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து, சளி வெளியேறாமல் தேங்கி, அந்தத் தேக்கத்தில் கிருமி குடியேறிவிடும். ஹீமோஃபிலஸ், சூடோமோனாஸ், சிலருக்கு டி.பி.யின் உறவுக்காரக் கிருமிகள். இவற்றில் சூடோமோனாஸை விரட்ட இதுவரை எந்தத் தடுப்பூசியும் வரவில்லை. ஃப்ளூ, ஆர்.எஸ்.வி. (சாதாரணச் சளிபோலத் தொடங்கி நெஞ்சுக்கு இறங்கக்கூடிய ஒரு வைரஸ்) ஊசிகளின் வேலை வேறு. வெளியிலிருந்து வரும் வைரஸ், உள்ளே சும்மா இருக்கும் கிருமியைக் கிளப்பிவிடாமல் காப்பது. "ஊசி போட்டும் சளி நிற்கவில்லையே" என்ற குறை, இந்த வித்தியாசம் தெரியாததால்தான் வருகிறது.

முதல் வேலை பெயரைச் சரியாகப் பதிவது. ஃப்ளூ, நியுமோகாக்கல் (நிமோனியா தரும் ஒரு கிருமிக்கு எதிரான) ஊசிகளுக்கான அழைப்பு, ஜி.பி. என்ற குடும்ப மருத்துவரின் கணினியில் உங்கள் பெயருக்கு நேரே இருக்கும் நோய்க்குறியீட்டைப் பார்த்துத்தான் கிளம்புகிறது. அங்கே "நாள்பட்ட இருமல்" என்று மட்டும் இருந்தால் யாரும் உங்களைத் தேட மாட்டார்கள். ஜி.பி.யில் பதிவதற்கு முகவரிச் சான்றோ விசாவோ கட்டாயம் இல்லை. ரிசப்ஷனில் கேட்டாலும், கையில் இல்லை என்று சொல்லிப் படிவத்தைக் கொடுக்கலாம். முதல் சந்திப்புக்கு இவற்றைக் கொண்டுபோங்கள்: சி.டி. அறிக்கை (படச்சுருளைவிட எழுத்தறிக்கைதான் முக்கியம்), கடைசிச் சளிப் பரிசோதனை முடிவு, மருந்துகளின் பெயரும் மில்லிகிராமும், டி.பி. வந்திருந்தால் எந்த ஆண்டு, எத்தனை மாதம் மாத்திரை சாப்பிட்டீர்கள் என்ற குறிப்பு. விசாவுக்குப் பயந்து டி.பி.யை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். விசாப் பரிசோதனை தேடுவது இப்போது தொற்றும் நிலையில் உள்ள டி.பி.யை. ஆறிப்போன பழைய நோயை மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். இங்கிலாந்தில் டி.பி. சிகிச்சை எந்த விசாக்காரருக்கும் இலவசம்.

ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால், நேரம் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். கட்டணம் கிடையாது. மகனோ மருமகளோ மொழிபெயர்த்தால் சளியில் ரத்தம் வந்ததைச் சொல்ல வாய் வராது.

இனி ஊசிகள். பிராங்கியெக்டேசிஸ் பதிவாகியிருந்தால் வயது எதுவானாலும் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி இலவசம். பெரியவர்களுக்கு அக்டோபரில் தொடங்கும். நியுமோகாக்கல் ஊசியும் இலவசம். ஆனால் அதைப் போடும் முன் ஒன்றைக் கவனியுங்கள். நெஞ்சு நோய் நிபுணர் உங்கள் எதிர்ப்புச் சக்தியை அளக்க நினைத்தால், முதலில் ரத்தத்தில் நியுமோகாக்கஸுக்கு எதிரான ஆன்டிபாடி அளவைப் பார்ப்பார். குறைவாக இருந்தால் ஊசி போட்டு, 4 முதல் 8 வாரம் கழித்து மறுபடி அளப்பார். அளவு ஏறாவிட்டால், அடிக்கடி தொற்று வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். முந்திக்கொண்டு ஊசி போட்டுவிட்டால் இந்தச் சோதனையைப் படிப்பது சிக்கலாகிவிடும். முதல் முறை நிபுணரிடம் போகவிருப்பவர்கள், "ரத்தப் பரிசோதனை முடிந்த பிறகு போட்டுக்கொள்ளட்டுமா?" என்று ஜி.பி.யிடம் கேளுங்கள். சந்திப்புக்குப் பல மாதம் ஆகும் என்றால் காத்திருப்பது சரியா என்பதையும் அவரே சொல்லட்டும்.

ஆர்.எஸ்.வி.தான் புதியது. இங்கிலாந்தில் இந்தத் திட்டம் 2024 செப்டம்பர் 1 அன்று தொடங்கியது. 75 வயது நிறைந்தவர்களுக்கும், 28 வாரம் கடந்த கர்ப்பிணிகளுக்கும் இலவசம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: நுரையீரல் நோய் மட்டும் இருந்தால் இதற்குத் தகுதி வராது. 58 வயதில் மூன்று முறை ஆஸ்பத்திரியில் படுத்தவராக இருந்தாலும், வயதைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். அப்படிப்பட்டவர் தனியார் பார்மசியில் பணம் கட்டித்தான் போட வேண்டும். எந்த வயதிலிருந்து போடலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். விலையும் கடைக்குக் கடை மாறும். இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள்.

போடலாமா என்று எடைபோட இந்த எண்கள் போதும். அரசுத் திட்டத்தில் தரப்படும் அப்ரிஸ்வோ என்ற ஆர்.எஸ்.வி. ஊசி, 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையில், ஆர்.எஸ்.வி. பரவும் முதல் பருவத்தில், அந்த வைரஸால் வந்து இரண்டு அறிகுறிகளாவது உள்ள நெஞ்சு நோயை 66.7 சதவீதமும், மூன்று அறிகுறிகளாவது உள்ளதை 85.7 சதவீதமும் தடுத்தது. நாள்பட்ட நுரையீரல் நோய் நிலையாக இருந்தவர்கள் அதில் இருந்தார்கள். எதிர்ப்புச் சக்தி ஒடுங்கியவர்கள் சேர்க்கப்படவில்லை. நீங்கள் பிரெட்னிசலோன் (எதிர்ப்புச் சக்தியை ஒடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை) தொடர்ந்து சாப்பிடுபவர் என்றால், அந்த எண்களை அப்படியே உங்களுக்குப் பொருத்தாதீர்கள். ஊசி உயிருள்ள கிருமி அல்ல, ஆகவே அதிலிருந்து நோய் வராது, பலன்தான் குறையலாம்.

எதிர்த்தட்டில் கியான்-பாரே என்ற நரம்பு நோய். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஜனவரியில் இதற்கு எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது: 65 வயதுக்கு மேற்பட்டோரில், பத்து லட்சம் அப்ரிஸ்வோ ஊசிக்குக் கூடுதலாக ஏறக்குறைய 9 பேர். முன்பே கியான்-பாரே வந்தவர்கள் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றபடி, 75 தாண்டி, சளி எப்போதும் தேங்கும் நெஞ்சு உள்ளவருக்குத் தராசு ஊசிப் பக்கமே சாய்கிறது என்பது எங்கள் கருத்து. 50களில் இருப்பவர், கடந்த இரண்டு குளிர்காலத்தில் எத்தனை முறை ஆன்டிபயாடிக் எடுத்தார் என்பதை எண்ணிவிட்டு நிபுணரிடம் பேசுவது நல்லது.

நாள் குறிக்கும்போது: முதியவர்களுக்கு ஆர்.எஸ்.வி. ஊசியை ஃப்ளூ, கோவிட் ஊசிகளோடு ஒரே நாளில் வழக்கமாகப் போடுவதில்லை. இன்னொரு நாளில் போடலாம், இத்தனை நாள் இடைவெளி என்ற கணக்கு கிடையாது. அழைப்பு கோடையில் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஃப்ளூ கூட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும். காய்ச்சலோடு சளி கிளம்பியிருந்தால் ஒத்திவையுங்கள். வழக்கமான இருமல், வழக்கமான நிறத்தில் சளி என்றால் தடை இல்லை. வாரம் மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர்கள் அதை நிறுத்தத் தேவையில்லை. ரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் நர்ஸிடம் சொன்னால் மெல்லிய ஊசி போட்டு, தேய்க்காமல் குறைந்தது 2 நிமிடம் அழுத்திப் பிடிப்பார்.

வலக்கையர் இடது தோளைக் காட்டுங்கள். கை வலியில் நெபுலைசரையும் சளி வெளியேற்றும் மூச்சுப் பயிற்சியையும் இரண்டு நாள் விட்டுவிட்டு, பிறகு "ஊசியால் சளி கட்டிவிட்டது" என்று ஊசியைப் பழிப்பது அடிக்கடி நடக்கிறது.

ஊசிக் காய்ச்சலா, நோய் கிளம்பியதா என்று பிரிக்க ஒரு வழி. ஊசியின் அசதியும் காய்ச்சலும் பெரும்பாலும் ஓரிரண்டு நாளில் அடங்கும். இருமல், சளியின் அளவு அல்லது கெட்டித்தன்மை, நிறம், மூச்சுத்திணறல், சோர்வு, ரத்தம் கலந்த சளி: இந்த ஆறில் மூன்றோ அதற்கு மேலோ 48 மணி நேரத்துக்கு மேல் மோசமாக இருந்தால் அது நோய் கிளம்பியதன் அறிகுறி. கைவசம் ஆன்டிபயாடிக் கொடுத்து வைத்திருந்தால், முதல் மாத்திரைக்கு முன் சளியைக் குப்பியில் துப்பி ஜி.பி.யில் கொடுங்கள். மாத்திரை போட்ட பிறகு எடுத்த சளியில் கிருமி வளராமல் போகலாம், எந்த மருந்து கேட்கும் என்றும் தெரியாது. ரத்தம் அதிகமாக வந்தாலோ மூச்சு முட்டினாலோ குப்பிக்கு நேரம் இல்லை, ஆம்புலன்சுக்கு 999. ஊசிக்குப் பின் வரும் வாரங்களில் கால் விரலில் தொடங்கி மேலேறும் மரமரப்பு, நடை தளர்வு வந்தால் உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு.

தனியாரில் போட்டால் மருந்தின் பெயர், பேட்ச் எண், தேதி எழுதிய சீட்டை வாங்கி ஜி.பி.யிடம் கொடுங்கள். அந்தத் தகவல் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பிவிடாதீர்கள். பின்விளைவை நீங்களே அரசின் மஞ்சள் அட்டை (Yellow Card) திட்டத்தில் பதியலாம், டாக்டர் வழியாகத்தான் என்று இல்லை.

விசிட் விசாவில் வந்த அம்மா அப்பாவையும் ஜி.பி.யில் தற்காலிகமாகப் பதியலாம், அங்கே பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் வழக்கமான செலவில் 150 சதவீதம் கேட்பார்கள். பயணக் காப்பீட்டில் பழைய நுரையீரல் நோயை மறைக்காமல் எழுதுங்கள்.

ஊருக்குப் போகும்போது டைஃபாய்டுக்கு ஊசி கேளுங்கள். முன்பு தரப்பட்ட காப்ஸ்யூலில் இருந்தது உயிருள்ள கிருமி. அசித்ரோமைசின் சாப்பிடுபவருக்கு அது பலன் தராமல் போகலாம்.