பிஜிபி விபிஎல்எஸ்: லேபிளை ஒருமுறை கையால் கணக்கிட்டுப் பாருங்கள்

தொலைவிலுள்ள கிளைகளை (சைட்) ஒரே ஈதர்நெட் ஸ்விட்ச்சில் இருப்பதுபோல இணைக்கும் சேவை விபிஎல்எஸ். அதற்கான தகவலை ரவுட்டர்களுக்கிடையே கொண்டு செல்லும் பிஜிபி எந்த மேக் முகவரியையும் (கருவியின் வன்பொருள் முகவரி) சுமப்பதில்லை. மேக் கற்பது சாதாரண ஸ்விட்ச் போல டேட்டா பிளேனில்தான் (ஃபிரேம்கள் ஓடும் வழியில்) நடக்கிறது. பிஜிபி சொல்வது ஒன்றே ஒன்று: "நீ இன்ன எண் சைட் என்றால், என்னிடம் வர இந்த லேபிளைப் (ஃபிரேமின் முன் ஒட்டும் எண்) போடு." இது மனதில் இல்லாமல் மேக் டேபிளைத் துழாவ ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

ஆர்எஃப்சி 4761 வகுத்த அறிவிப்பு, நீளத்தைச் சொல்லும் 2 பைட் போக, 17 பைட். ரூட் டிஸ்டிங்விஷர் (ரூட்களைத் தனித்துக் காட்டும் முன்னொட்டு) 8, சைட் ஐடி 2, பிளாக் ஆஃப்செட் (பிளாக் தொடங்கும் சைட் எண்) 2, பிளாக் சைஸ் (எத்தனை லேபிள்) 2, லேபிள் பேஸ் (முதல் லேபிள்) 3. பிஈ (சேவை வழங்குநரின் விளிம்பு ரவுட்டர்) ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லேபிள் அனுப்பாமல், ஒரு பிளாக்கையே எல்லோருக்கும் அறிவித்துவிடுகிறார்கள். அவரவர் லேபிளை அவரவரே கணக்கிட்டுக்கொள்ள வேண்டியது.

பிஈ-அ-வின் சைட் ஐடி 3, லேபிள் பேஸ் 262400. பிஈ-ஆ-வின் சைட் ஐடி 5, லேபிள் பேஸ் 300000. இருவருக்கும் ஆஃப்செட் 1, சைஸ் 8 என்று வையுங்கள். எதிராளியின் பேஸோடு உங்கள் சைட் ஐடியைக் கூட்டி, எதிராளியின் ஆஃப்செட்டைக் கழியுங்கள். அ-விலிருந்து ஆ-வுக்கு 300000 + 3 − 1 = 300002. திரும்பி வர 262400 + 5 − 1 = 262404. ரவுட்டர் காட்டும் எண்ணும் இதுவும் ஒத்துப்போக வேண்டும்.

அனுப்புகிறவர் ஒவ்வொருவருக்கும் தனி லேபிள் எதற்கு? 300002 என்ற லேபிளோடு ஃபிரேம் வந்ததும், இது சைட் 3-லிருந்து வந்தது என்று ஆ-வுக்குத் தெரிந்துவிடுகிறது. சோர்ஸ் மேக்கை அந்தப் பக்கம் எழுதிக்கொள்கிறது. எல்லோருக்கும் ஒரே லேபிள் என்றால் அந்தத் தடயமே இருக்காது.

புதிதாக சைட் 12 வந்தால் 1 முதல் 8 வரையான பிளாக்கில் இடமில்லை. அ ஆஃப்செட் 9-இல் இன்னொரு பிளாக்கை அறிவிக்கும். பழையது அப்படியே இருக்கும். அதனால் சைட் ஐடியை 1-லிருந்து வரிசையாகக் கொடுங்கள். 1001, 2001 என்று அழகு பார்த்துக் கொடுத்தால் ஒரு சைட்டுக்காக ஒரு பிளாக் முழுதும் வீணாகும்.

இணைப்பு எழவில்லையா? ஜூனோஸில் (ஜூனிப்பர் ரவுட்டர்களின் இயங்குதளம்) இந்த வரிசையில் போங்கள். முதலில் பிஜிபி செஷனில் ஏஎஃப்ஐ 25, எஸ்ஏஎஃப்ஐ 65 (விபிஎல்எஸ் ரூட்டைக் குறிக்கும் எண்கள்) பேசி முடிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ரூட் ரிஃப்ளெக்டரில் (ஒரு பிஈ-யின் ரூட்டை மற்றவற்றுக்குத் திருப்பி அனுப்பும் ரவுட்டர்) இதைப் போட மறப்பதுதான் அடிக்கடி நடப்பது. அடுத்து பிஜிபி.எல்2விபிஎன்.0 டேபிள். ரூட்டே இல்லையென்றால் ரூட் டார்கெட் (ரூட் எந்த விபிஎல்எஸ்-இல் சேரும் என்று காட்டும் அடையாளம்) இரு பக்கமும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ரூட் 'ஹிடன்' என்றால் எதிர்ப்பக்க லூப்பேக்குக்கு (ரவுட்டரின் நிலையான முகவரி) இனெட்.3-இல் (எம்பிஎல்எஸ் வழிகளின் டேபிள்) வழியில்லை: எல்டிபி அல்லது ஆர்எஸ்விபி அமைக்கும் எல்எஸ்பி (லேபிள் வழிப் பாதை) எழவில்லை. லூப்பேக்குக்குப் பிங் போகிறதே என்று வாதாடிப் பயனில்லை. பிங் ஐபி வழியில் போகிறது, இதற்கு எம்பிஎல்எஸ் வழி வேண்டும்.

ரூட் சரியாக இருந்தும் இணைப்பு கீழே என்றால், 'ஷோ விபிஎல்எஸ் கனெக்‌ஷன்ஸ்' காட்டும் ஈரெழுத்தைப் படியுங்கள். 'எம்எம்' என்றால் எம்டியு (அனுப்பக்கூடிய உச்ச அளவு) பொருந்தவில்லை. 'ஈஎம்' என்றால் என்கேப்சுலேஷன் (ஃபிரேமைப் பொதியும் முறை) பொருந்தவில்லை. 'எஸ்சி' என்றால் இரு பக்கமும் ஒரே சைட் ஐடி. கான்ஃபிக்கைக் காப்பியடித்து ஒட்டியதன் விளைவு. 'எல்டி' என்றால் உங்கள் சைட், 'ஆர்டி' என்றால் எதிர்ப்பக்க சைட் தன்னைக் கீழே என்று அறிவித்திருக்கிறது. அந்தப் பக்கத்து வாடிக்கையாளர் போர்ட்டைப் பாருங்கள்.

ஒரே சைட் ஐடியை வேண்டுமென்றே இரு பிஈ-யில் கொடுக்கும் இடமும் உண்டு: மல்டிஹோமிங், அதாவது ஒரே சைட்டை இரு பிஈ-யோடு இணைப்பது. அங்கே ரூட் டிஸ்டிங்விஷரை பிஈ-க்கு ஒன்றாக மாற்றிக் கொடுங்கள். ஒன்றேயாக இருந்தால் ரூட் ரிஃப்ளெக்டர் இரண்டில் ஒன்றைத்தான் மேலே அனுப்பும். பேக்கப் இருப்பதே தொலைவிலுள்ள பிஈ-களுக்குத் தெரியாது.