ஸ்விட்ச் பொம்மை முதல் சக்கர நாற்காலி வரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் உடல் அசைவு சரியாகக் கட்டுப்படாத நிலை) உள்ள பிள்ளைக்கு பேட்டரி பொம்மையின் குட்டி பட்டனை அமுக்க வராது. அதனால் பொம்மையிலிருந்து ஒரு வயரை இழுத்து, பெரிய ஸ்விட்சோடு இணைத்துத் தருகிறோம். தட்டினால் கார் ஓடும். யோசனை நல்லதுதான், சொதப்புவது பொம்மையைத் தேர்ந்தெடுக்கும்போது.

பேட்டரிக்கும் அது தொடும் தகட்டுக்கும் நடுவே செருகும் செம்புத் தகடு வைத்த வயர், ஒருமுறை தள்ளி 'ஆன்' செய்தால் ஓடிக்கொண்டே இருக்கும் பொம்மைக்குத்தான் ஒத்துவரும். வயிற்றை அமுக்கினால் பாடிவிட்டு நின்றுவிடும் கரடிக்கு ஒத்துவராது. அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் பட்டனின் இரு முனைகளில் வயரைப் பற்றவைக்க வேண்டும். கடையிலேயே சோதிக்கலாம்: பொம்மை ஓடும்போது ஒரு பேட்டரியைக் கழற்றி மறுபடி போடுங்கள். தானாக ஓடினால் சரி. கைக்கடிகார பேட்டரி போடும் பொம்மை மட்டும் வேண்டவே வேண்டாம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடலாம்.

அடுத்தது ஸ்விட்சை வைக்கும் இடம். ஏனோ எல்லோரும் வலது கைப்பக்கம்தான் வைக்கிறார்கள். பிள்ளைக்கு நன்றாகக் கட்டுப்படுகிற அசைவு தலையிலோ முழங்காலிலோ இருக்கலாம். அதோடு, பாதம் அந்தரத்தில் தொங்கினால் விழாமல் இருக்கவே பிள்ளைக்குத் தெம்பு போதாது, தட்டுவது எங்கே? இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் ஒட்டி, பாதம் ஒரு பலகையில் பதிந்த பிறகு ஸ்விட்சை நீட்டுங்கள். நீட்டிவிட்டு, உடனே பிள்ளையின் கையைப் பிடித்து நீங்களே அமுக்காதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். சில பிள்ளைகளுக்கு அதுவும் போதாது. கையை ஸ்விட்சிலேயே வைத்திருக்க முடியாத பிள்ளைக்கு, ஒரு தட்டுக்குச் சில விநாடிகள் ஓடவைக்கும் டைமர் பெட்டி உண்டு.

சக்கர நாற்காலியில் செய்கிற தவறு, "வளரும் பிள்ளை" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. தீபாவளிச் சட்டை தொளதொளவென்று இருந்தால் பரவாயில்லை, நாற்காலி அப்படி இருந்தால் முதுகு ஒருபக்கம் சாயும், கை சக்கரத்துக்கு எட்டாது.

மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் தரும் ஒன்றிய அரசின் 'அடிப்' (ADIP) திட்டத்தில் உபகரணம் வாங்கிய பலர், மூன்று ஆண்டு கழித்துத்தான் அதே உபகரணத்துக்கு மறுபடி கேட்க முடியும் என்று காத்திருக்கிறார்கள். அது 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே ஆண்டுதான். நாற்காலி சிறிதாகிவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.