கச்சான் காற்றில் டிஸ்க் கோல்ஃப்: எறிபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவிலிருந்தோ நோர்வேயிலிருந்தோ விடுமுறைக்கு வரும் மச்சான் சூட்கேசுக்குள் இரண்டு மூன்று டிஸ்க்குகளைக் கொண்டுவருவார். திரும்பிப் போகும்போது பாரம் கூடிவிட்டது என்று அவற்றை இங்கேயே விட்டுவிட்டுப் போவார். திருகோணமலையில் டிஸ்க் கோல்ஃப் கைக்கு வந்து சேரும் வழி பெரும்பாலும் இதுதான். விளையாட்டு விளங்க அதிக நேரம் தேவையில்லை. கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் போடுகிறார்கள். இங்கே டிஸ்க் எனும் தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடைக்குள் போட வேண்டும், முடிந்தளவு குறைந்த எறிகளில். கூடை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானம் அமைந்தபோது இலக்காக இருந்தவை வெறும் கம்பங்கள்தான். அந்த மைதானத்தை வடிவமைத்த எட் ஹெட்ரிக் சங்கிலிக் கூடையைக் கொண்டுவந்தது அதற்குப் பிறகு. ஆகவே நமக்கு ஒரு பனையோ நட்டுவைத்த தடியோ போதும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சொப்ட்போல் கிரிக்கெட் விளையாடி வளர்ந்த கைக்கு, தூரம் வேண்டுமென்றால் பலமாக எறிய வேண்டும் என்பதுதான் பழக்கம். டிஸ்க் அந்தக் கணக்குக்கு அடங்காது. எந்த டிஸ்க், எந்தச் சாய்வு, எந்தக் காற்று என்ற மூன்றும் பொருந்தினால் பாதிப் பலத்திலேயே அது அழகாகப் போகும். பொருந்தாவிட்டால் பலம் கூடக் கூட, கடல்தான் கிட்ட வரும்.

பெரிய எண்ணைப் பார்த்து எடுப்பது

"அண்ணா, இதில 12 எண்டு போட்டிருக்கு, இதுதானே தூரம் போகும்?" புதிதாக வரும் தம்பிமார் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலான டிஸ்க்குகளில் நான்கு எண்கள் இருக்கும்: ஸ்பீடு, கிளைட், டர்ன், ஃபேட். இன்னோவா நிறுவனத்தின் டிஸ்ட்ரோயரில் 12, 5, -1, 3 என்று இருக்கும். அதே நிறுவனத்தின் லெப்பர்டில் 6, 5, -2, 1. கிட்ட இருந்து இலக்கில் போடுவதற்கான மெதுவான டிஸ்க்கைப் பட்டர் என்பார்கள்; ஏவியார் என்ற பட்டரில் 2, 3, 0, 1.

முதல் எண்ணான ஸ்பீடு, அந்த டிஸ்க் எவ்வளவு வேகமாகப் போகும் என்ற வாக்குறுதி அல்ல. அது தன் வேலையைச் செய்ய உங்கள் கை எவ்வளவு வேகம் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி. டிஸ்ட்ரோயரின் விளிம்பு 2 சென்ரிமீற்றருக்கு மேல் அகலம். ஏவியாரின் விளிம்பு ஒரு சென்ரிமீற்றர்கூட வராது. அகன்ற, கூரான விளிம்பு காற்றைக் கிழித்துப் போகும், ஆனால் கை வேகம் போதாவிட்டால் அது பறக்கவே தொடங்காது. நேராகப் போகும் கட்டத்தை விட்டுவிட்டு, கடைசியில் நடக்க வேண்டிய இடப்பக்கச் சரிவை முதலிலேயே செய்துவிடும். எறிந்தவர் தன் கையைக் குறை சொல்வார், இன்னும் பலமாக எறிவார், டிஸ்க் இன்னும் உயரமாக எழும்பி இன்னும் இடப்பக்கம் விழும்.

இரண்டாம் எண்ணான கிளைட், டிஸ்க் காற்றில் எவ்வளவு மிதக்கும் என்பதைச் சொல்வது. மூன்றாம் எண்ணும் நான்காம் எண்ணும் திசையைச் சொல்பவை. வலக்கைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது மார்புக்குக் குறுக்கே இழுத்து எறியும்போது, டிஸ்க் வேகமாக இருக்கும் கட்டத்தில் வலப்பக்கம் எவ்வளவு திரும்பும் என்பது டர்ன். மைனஸ் கூடினால் திருப்பமும் கூடும். வேகம் குறைந்த பிறகு இடப்பக்கம் எவ்வளவு சரியும் என்பது ஃபேட். இடக்கைக்காரரின் பேக்ஹேண்டுக்கும், வலக்கை ஃபோர்ஹேண்டுக்கும் (எறியும் கையின் பக்கத்திலிருந்தே முன்னே வீசுவது) இவை அப்படியே தலைகீழ். இந்த எண்களை நிறுவனங்களே போடுகின்றன. ஒரு நிறுவனத்தின் 7உம் இன்னொன்றின் 7உம் ஒரே மாதிரிப் பறக்க வேண்டும் என்றில்லை.

மச்சானிடம் கேட்டு வாங்குவதாக இருந்தால் ஒரு பட்டர், நடுத்தரத் தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச், அதைவிடத் தூரத்துக்கு லெப்பர்ட் மாதிரி ஒரு ஃபேர்வே டிரைவர். மூன்றே போதும். மிட்ரேஞ்சுக்கு டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ் என்ற டிஸ்க் (5, 4, -1, 1) நல்ல தேர்வு, எறிந்த சாய்விலேயே போகும். உண்மையில் முதல் சில மாதங்களுக்குப் பட்டரையும் மிட்ரேஞ்சையும் மட்டும் எறிவதுதான் என் கட்சி. மெதுவான டிஸ்க் பிழையை மறைக்காது. கை எங்கே தவறியது என்று உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

யூடியூபில் 2016இல் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 338 மீற்றர் எறிந்த சாதனையைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு சொல்: அது நெவாடாப் பாலைவனத்தில், பலத்த பின்காற்றில் எறிந்தது. நம் கடற்கரையில் 60 மீற்றர் நேராகப் போனால் அதுவே நல்ல எறி.

கடற்கரை ஃபிரிஸ்பியோடு குழப்புவது

கடையில் விற்கும் ஃபிரிஸ்பி அகலமாக, விளிம்பு உருண்டையாக இருக்கும். பிடித்து விளையாட நல்லது. டிஸ்க் கோல்ஃப் தட்டு சுமார் 21 சென்ரிமீற்றர்தான். 1983இல் இன்னோவா வெளியிட்ட ஈகிள் என்ற டிஸ்க்கில்தான் சாய்வாகச் சீவிய விளிம்பு வந்தது, அதற்குப் பிறகு விளையாட்டின் தூரமே மாறிப்போனது. அந்த விளிம்போடு பறந்துவரும் 175 கிராம் தட்டைப் பிடிக்கப் போனால் விரல் போகும். பின்னேரம் டச்பே கடற்கரையில் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இதை எடுக்கவே கூடாது. பிரெட்ரிக் கோட்டைக்குள் புல்லும் நிழலும் ஆசை காட்டும். ஆனால் அங்கே மான்கள் மேய்கின்றன, கோணேசர் கோவிலுக்குப் போகிறவர்கள் நடக்கிறார்கள். வேண்டாம்.

மூக்கைத் தூக்கி எறிவது

ஆரம்பகாரரின் தூரத்தை அதிகமாகத் தின்பது இதுதான். டிஸ்க்கின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட மேலே இருந்தால் அது உயரத்துக்குப் போய், ஒரு கணம் நின்று, பின்னுக்குச் சரிந்து விழும். எறிபவருக்கு அது தெரிவதில்லை, நேராகத்தான் விட்டோம் என்று சத்தியம் செய்வார். பக்கவாட்டில் இருந்து ஃபோனில் வீடியோ எடுத்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. உடல் பாரம் பின்காலிலேயே தங்கிவிடுவது ஒன்று. மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியிருப்பது மற்றது. விடும் நேரத்தில் முன்காலுக்கு மேலே உடல் வந்துவிட வேண்டும், மணிக்கட்டைச் சிறிது கீழ்நோக்கி அமர்த்திப் பிடிக்க வேண்டும். உயரம் வேண்டுமென்றால் டிஸ்க்கைத் தூக்கக் கூடாது. இடுப்பிலிருந்தே உடலைச் சாய்த்து, எறியும் பாதை முழுவதையும் மேல்நோக்கி வைக்க வேண்டும்.

கையால் மட்டும் எறிவது

களப்பில் வீச்சுவலை வீசுகிறவரைக் கவனித்தால் இது விளங்கும்: முதலில் இடுப்பு திரும்புகிறது, பிறகு தோள், கடைசியாகத்தான் கை. அந்த வரிசை குலைந்தால் வலை விரியாது. டிஸ்க்குக்கும் அதே வரிசை. புதியவர்கள் கையை முதலில் இழுக்கிறார்கள், இடுப்பு பின்னால் வருகிறது. இன்னொன்று, டிஸ்க்கை உடலைச் சுற்றி வட்டமாகக் கொண்டுவருவது. மார்புக்குக் கிட்ட, நேர்க்கோட்டில், முழங்கை முன்னே வர இழுத்தால்தான் விடும் திசை ஒரே மாதிரி வரும். பிடியைத் தொடக்கத்தில் இறுக்கிவிட்டால் முன்கைத் தசை விறைத்து மணிக்கட்டு வேலை செய்யாது. தளர்வாகத் தொடங்கி, விடும் கணத்தில் இறுக்க வேண்டும்.

கிரிக்கெட்டில் களத்தடுப்பு நன்றாகச் செய்பவர்களுக்கு ஃபோர்ஹேண்ட் சீக்கிரம் பிடிபடும். ஆனால் பந்தை விட்டபின் உள்ளங்கை கீழே புரளும் பழக்கம் அவர்களிடம் இருக்கும். டிஸ்க்கில் அது கேடு. உள்ளங்கை வானத்தைப் பார்த்தபடியே முடிய வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்க் தள்ளாடிக் கவிழும்.

ஓடிவந்து எறிவதை மணலில் செய்யாதீர்கள். முன்கால் குதிகாலில் சுழன்றுதான் அந்த வேகத்தை விட வேண்டும், மணல் அதைச் சுழல விடாது. சுழற்சி முழுவதும் முழங்காலுக்குப் போகும். நின்று எறியுங்கள், அதுவும் அலை நனைத்து இறுகிய மணலில்.

காற்றைக் கணக்கில் எடுக்காதது

நம் ஊரில் இதற்குத்தான் அதிக டிஸ்க் பலியாகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எதிர்காற்றில் டிஸ்க் தன் இயல்பைவிட அதிகமாக வலப்பக்கம் திரும்பும். காற்றைச் சேர்த்துப் பார்த்தால் அது கூடிய வேகத்தில் பறப்பது மாதிரித்தான். அப்படி இருக்க, எதிர்காற்று அடிக்கிறது என்று இன்னும் பலமாக எறிவது தலைகீழான வைத்தியம். அடக்கி, தாழ்வாக, ஃபேட் கூடிய டிஸ்க்கை எறிய வேண்டும். ஃபயர்பேர்ட் (9, 3, 0, 4), சோன் (4, 3, 0, 3) மாதிரியானவை இதற்கே செய்தவை. பின்காற்றில் நேர்மாறு: டிஸ்க் சீக்கிரம் இடப்பக்கம் சரிந்து கீழே வரும். லெப்பர்ட் மாதிரி திருப்பம் கூடிய டிஸ்க்கை உயரமாக விட்டால் காற்று சுமந்து போகும்.

பக்கக்காற்றுதான் நுட்பமானது. டிஸ்க் சாய்ந்து பறக்கும்போது அதன் மேற்புறத்தில் காற்று பட்டால் கீழே அமுக்கும். அடிப்புறத்தில் பட்டால் தூக்கிக்கொண்டு போகும். இதை உப்புவெளிக் கடற்கரையில் வைத்துப் பார்ப்போம். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. சாம்பல்தீவுப் பக்கமாக, வடக்கே பார்த்து எறிந்தால் கடல் உங்கள் வலப்பக்கம், காற்று இடப்பக்கம். வலக்கை பேக்ஹேண்டில் இடவிளிம்பைத் தாழ்த்தி, அதாவது ஹைசர் சாய்வில் எறிந்தால் காற்று மேற்புறத்தில் பட்டு அமுக்கும். தூரம் குறையும், ஆனால் டிஸ்க் மணலிலேயே விழும். அதையே வலவிளிம்பு தாழ்ந்த அன்ஹைசரில் விட்டால் அடிப்புறம் காற்றுக்குத் திறந்துவிடும், பிறகு அதைக் கடலில்தான் தேட வேண்டும்.

திரும்பித் தெற்கே, ஊர்ப்பக்கமாக எறிந்து வரும்போது எல்லாம் மாறிவிடுகிறது. இப்போது கடல் இடப்பக்கம், காற்று வலப்பக்கம். போகும்போது காப்பாற்றிய அதே ஹைசர் இப்போது அடிப்புறத்தைக் காற்றுக்குக் காட்டுகிறது, அதோடு இயல்பான இடப்பக்கச் சரிவும் கடலை நோக்கித்தான். வரும் வழியில் ஃபோர்ஹேண்டுக்கு மாறுங்கள். அது வலப்பக்கம், தரையை நோக்கிச் சரியும். வலவிளிம்பு தாழ்ந்திருப்பதால் காற்றும் அமுக்கித்தான் பிடிக்கும். ஃபோர்ஹேண்ட் வராதவர்கள் அந்தப் பக்கத்தைப் பட்டரில், தாழ்வாக, சிறு சிறு எறிகளாகக் கடப்பது உத்தமம்.

வாடைக்காற்றுக் காலத்தில் கணக்கு வேறு. காற்று கடலிலிருந்து வருகிறது, தவறும் டிஸ்க் தரைப்பக்கம் போய் விழும். பற்றைக்குள் தேடி முள் குத்தினாலும் கிடைக்கும். கச்சான் நாட்களிலும் பின்னேரம் கடற்காற்று எழும்பித் திசை மாறுவதுண்டு, அதனால் ஒவ்வொரு எறிக்கும் முன்னால் ஒரு பிடி காய்ந்த மணலை விட்டுப் பாருங்கள்.

எடையும் இங்கே வருகிறது. விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 8.3 கிராம் என்பது உச்சம், ஆகவே வழக்கமான டிஸ்க் 175 கிராம் அளவில் நிற்கும். 150 கிராம் டிஸ்க் புதிய கைக்கு இலகு, காற்றில்லாத காலையில் அருமையாகப் போகும். கச்சானில் அது காற்றின் சொத்து.

பிளாஸ்ரிக்கையும் நிறத்தையும் பாராமல் விடுவது

மலிவான பிளாஸ்ரிக் கையில் நன்றாக ஒட்டும், ஆனால் கல்லிலும் வேரிலும் பட்டுப் பட்டு விளிம்பு தேய்ந்து, நாளாக நாளாக வலப்பக்கத் திருப்பம் கூடும். அது கெட்டுப்போனதல்ல, பின்காற்றுக்கு ஒரு டிஸ்க் இலவசமாகக் கிடைத்த மாதிரி. வைத்திருங்கள். விலை கூடிய பிளாஸ்ரிக் நெடுநாள் மாறாது, வியர்வைக் கையில் வழுக்கும். ஒரு துவாய் அவசியம்.

நிறத்தில் நீலம், பச்சை, கண்ணாடி மாதிரித் தெரிவது மூன்றையும் தவிருங்கள். ரோஸ் அல்லது ஒரேஞ்ச் எடுங்கள். பெரும்பாலான கோல்ஃப் டிஸ்க்குகள் தண்ணீரில் மூழ்கும் என்பது பலருக்கு முதல் டிஸ்க் போன பிறகுதான் தெரிகிறது. மிதக்கும் வகைகளும் விற்கின்றன. கடற்கரையிலேயே விளையாடப் போகிறவர்கள் அதில் ஒன்றைக் கேட்டு வாங்கலாம்.

கிட்ட வந்தபின் அசட்டை

தூர எறிக்கு ஒரு மணித்தியாலம் பழகுகிறவர் கிட்ட எறிவதற்குப் பத்து நிமிடம் கொடுப்பதில்லை. எண்ணிக்கை கூடுவது அங்கேதான். ஐந்து, ஆறு மீற்றரில் இருந்து ஒரே பட்டரை, ஒரே நிலையில் நின்று எறிந்து பழகுங்கள். ஒவ்வொரு நாளும் பட்டரை மாற்றினால் கை எதையும் பழகாது. காற்றில் மிதக்கவிடும் எறியைத் தவிர்த்து, முன்விளிம்பைத் தாழ்த்தி நேராகக் குத்திவிடுங்கள். இலக்கிலிருந்து 10 மீற்றருக்குள் நின்றால், எறிந்த வேகத்தில் நீங்கள், டிஸ்க் முன்பு கிடந்த குறியைத் தாண்டி முன்னே சாயக் கூடாது, நிலையாக நின்று காட்டிய பிறகுதான் நடக்கலாம். நண்பர்களுக்குள் இதை யாரும் பார்ப்பதில்லை. வெளிநாட்டில் போட்டியில் விளையாடிப் பழகிய மச்சான் வந்திருந்தால் கட்டாயம் பார்ப்பார்.