நாயோடு பொத்தை ஏறலாம் வாங்க: முதல்முறை போகிறவர்களுக்கு

எங்கள் நெல்லைப் பக்கத்தில் மலை என்றால் மேற்கே நிற்கிற பொதிகைதான். வயலுக்கும் பனைவிளைக்கும் நடுவில் மொட்டையாக எழுந்து நிற்கிற பாறைக்குன்றை யாரும் மலை என்று சொல்வதில்லை. அது பொத்தை. அரை மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். நாலு நண்பர்கள், ரெண்டு நாய்கள், ஒரு விடுமுறை நாள் போதும்.

ஆனால் நாய் கூட வருகிறது என்றால் கணக்கு மாறிவிடும். நமக்குக் காலில் செருப்பு இருக்கிறது, அதற்கு இல்லை. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே உட்காருவது, எப்போது இறங்குவது என்று எல்லாவற்றையும் அதன் உள்ளங்காலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மாசி மாதம், எட்டரைக்கு ஏற ஆரம்பித்தோம். உச்சியில் கதை பேசிக்கொண்டே இருந்துவிட்டு இறங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பாதி வழியில் நண்பனுடைய லாப்ரடார் நின்றது. ஒரு காலைத் தூக்கும், வைக்கும், அடுத்த காலைத் தூக்கும். பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்புத் தோல் ஓரமாக உரிந்து, உள்ளே செக்கச்செவேல் என்று சதை. முப்பது கிலோ நாய். ஒருத்தன் சாரத்தை (லுங்கியை) விரித்து, அதில் படுக்கவைத்து, ஆளுக்கொரு முனை பிடித்துக் கீழே கொண்டுவந்தோம். அன்றைக்கு அது ஒரு தடவைகூட முனகவில்லை. எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அதற்குப் பிறகு கீழே சொல்கிற எதையும் நாங்கள் தவறவிட்டதில்லை.

படி 1: எந்தப் பொத்தை?

முதலில் எங்கே போகக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாபநாசம், மணிமுத்தாறு, மாஞ்சோலை, களக்காடு தலையணை என்று நாம் ஆசைப்படும் பசுமையான இடங்கள் எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. 1988-ல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. அங்கே நாயைக் கொண்டுபோக நினைக்கவே கூடாது. சிறுத்தைக்கு நாய் நல்ல இரை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நோய். வெறிநோயும் டிஸ்டெம்பர் வைரஸும் வீட்டு நாயிடமிருந்து செந்நாய்க்கும் மற்ற காட்டு உயிர்களுக்கும் தொற்றும். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தபோது அந்த டிஸ்டெம்பர் வைரஸைத்தான் கண்டுபிடித்தார்கள்.

சமவெளிப் பொத்தைகளிலும் சிலது காப்புக்காடுதான். வனத்துறைப் பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். கழுகுமலை மாதிரி, மறுகால்தலை மாதிரி, பழைய கோயிலோ சமணர் படுக்கையோ உள்ள குன்றுகளுக்கு நாய் இல்லாமல் தனியாக ஒருநாள் போய் நிதானமாகப் பாருங்கள். கல்குவாரி நடக்கிற பொத்தை வேண்டவே வேண்டாம். வெடி வைக்கும் நேரம் நமக்குத் தெரியாது. கைவிட்ட குவாரிக்குழியில் தண்ணீர் பச்சையாக நிற்கும், கரை செங்குத்தாக இறங்கும். நாய் உள்ளே பாய்ந்தால் ஏறி வர வழி இருக்காது.

சரி, எதற்குத்தான் போவது? கூட்டத்தில் யாராவது ஒருவருடைய சொந்த ஊர்ப் பொத்தைக்குப் போங்கள். முந்தின நாளே அங்கே ஆடு மேய்க்கிற பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "கெழக்கால ஏறாதீங்க தம்பி, அங்கன மலைத்தேன் கூடு கெடக்கு. வடக்க ஓடையப் பிடிச்சுப் போங்க. நாயக் கட்டிப் பிடிச்சுக்கிடுங்க, நம்ம ஆடு அந்தப் பக்கந்தான் மேயும்." எந்த வரைபடமும் இந்த மூன்றையும் சொல்லாது.

படி 2: நாள், நேரம்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, மார்கழியும் தையும்தான் சரியான காலம். மழைநாளில் பாறை வழுக்கும். பங்குனி பிறந்துவிட்டால் பாறை அடுப்பு. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்களில் கூட்டமும் நெரியும். ஆனி, ஆடியில் சாரல் காற்று ஆளைத் தள்ளும்.

டிசம்பர், ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகும். ஆறு மணிக்கு அடிவாரத்தில் நில்லுங்கள், வெளிச்சம் வந்ததும் ஏறுங்கள், ஒன்பதரைக்குள் கீழே இருங்கள். "வெள்ளன வந்துருங்கல" என்று எல்லாரிடமும் முதல் நாள் ராத்திரியே சொல்லிவையுங்கள். வராதவருக்காகக் காத்திருக்காதீர்கள். நீங்கள் காத்திருக்கிற அரை மணி நேரத்துக்கான விலையை இறக்கத்தில் நாய்தான் கொடுக்கும்.

படி 3: எந்த நாய் வரலாம்?

ஒரு வயது ஆகாத குட்டி, வயதான நாய், சினை நாய் வேண்டாம். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களும் வேண்டாம். நாய்க்கு நம்மைப்போல் உடம்பு முழுக்க வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மூக்கு சப்பையாக இருந்தால் அதற்கு இரைக்கவே சிரமம். வெறிநோய்த் தடுப்பூசி அந்த வருடத்துக்குப் போட்டிருக்க வேண்டும்.

நாட்டு நாய்கள் இந்த நிலத்துக்கே பிறந்தவை, பாறையில் ஆடுபோல ஏறும். கன்னியும் சிப்பிப்பாறையும் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றை மறக்கக்கூடாது. இவை கண்ணால் பார்த்து விரட்டுவதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட வேட்டை நாய்கள். எங்கள் கன்னி வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு வந்து காலடியில் படுக்கும். பொத்தையில் ஒரு முயல் குறுக்கே பாய்ந்தால் அதற்கு என் குரல் கேட்காது. காது பின்னால் ஒட்டும், முதுகு வில்லாக வளையும், அடுத்த நொடி கயிறு கையை அறுக்கும். முயலும் மயிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. நாயை விட்டுப் பிடித்தாலும் அது வேட்டைதான். ஆகவே எந்த நாயானாலும் ஏற ஆரம்பித்ததிலிருந்து இறங்கி முடிக்கும் வரை கயிறு கையிலேயே இருக்கட்டும். கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட் நல்லது. சறுக்கும்போது பிடித்து இழுத்தால் கழுத்து நெரியாது.

படி 4: பையில் என்ன?

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். 20 கிலோ நாய்க்குக் குறைந்தது 1 லிட்டர் தனியாக, அது குடிக்க ஒரு அகலமான கிண்ணம். ஈரத்துண்டு, சுத்தமான பருத்தித் துணி, முள் எடுக்க இடுக்கி, டார்ச், ஒரு பழைய சாரம். சாரம் எதற்கு என்று மேலே சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நமக்குப் பயணம் என்றாலே புளியோதரைதான், வாழையிலையில் கட்டிக்கொண்டு போவோம். அதில் ஒரு கவளத்தைக்கூட நாய்க்குப் போடாதீர்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குக் காரணம் அதிலுள்ள டார்டாரிக் அமிலம் என்று கருதுகிறார்கள். அதே அமிலம் புளியிலும் நிறைய இருக்கிறது. வெங்காயமும் நாய்க்கு ஆகாது. அல்வாவின் நெய்யும் சீனியும் வயிற்றைக் கெடுக்கும். தாளிக்காத வெறும் தயிர்சாதமும் ஒரு அவித்த முட்டையும் தனித் தூக்குவாளியில் கொண்டுபோங்கள். அதையும் ஏறும் முன் கொடுக்காமல், மேலே போய் இளைப்பாறிய பிறகு கொஞ்சமாகக் கொடுங்கள்.

படி 5: ஏறும்போது

வழி தெரிந்தவர் முன்னால், நாய் பிடிப்பவர்கள் நடுவில், நிதானமானவர் கடைசியில். ஆடு நடந்த தடத்திலேயே நடங்கள். உடமுள் நீளமானது, ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறும், எனவே ஷூ போடுங்கள். நாய் திடீரென்று மூன்று காலில் நொண்டினால் அது முள்தான். உடனே நிறுத்தி விரலிடுக்கைப் பாருங்கள்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நில்லுங்கள். கேட்காவிட்டாலும் தண்ணீர் காட்டுங்கள். பாறைப் பொந்தில் நாய் மூக்கை நுழைக்க விடாதீர்கள். குளிர்கால வெயிலுக்குச் சுருட்டைவிரியன் பாறையோரம் வந்து கிடக்கும், மண் நிறத்தில் இருப்பதால் மிதிக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. மனிதரைக் கடித்தால் கட்டுப்போடவோ கீறவோ கூடாது. கடித்த இடத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நாயைக் கடித்தாலும் நடக்கவிடாமல் தூக்கித்தான் இறக்க வேண்டும். அதற்கும் விஷமுறிவு மருந்து உண்டு. நெல்லையில் இருப்பவர்களுக்கு இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்து கால்நடை மருத்துவரின் எண்ணைக் கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

தேன்கூடு தொங்கும் பாறைக்குக் கீழே சத்தம், புகை, சென்ட் வாசனை எதுவும் கூடாது. நாய் அங்கே குரைக்கத் தொடங்கினால் சுற்றிப் போய்விடுங்கள்.

படி 6: உச்சியில்

உச்சியில் பெரும்பாலும் ஒரு சாமி இருக்கும், சாஸ்தாவோ முருகனோ சுடலையோ. ஊர்க்காரர்கள் செருப்பைக் கழற்றும் இடத்திலேயே நாயும் நிற்கட்டும். பாதிப் பேர் நாயைப் பிடித்துக்கொண்டு உட்கார, பாதிப் பேர் போய் வாருங்கள். குரங்கு உள்ள இடமானால் சாப்பாட்டுப் பையைத் திறக்காதீர்கள். குரங்கும் நாயும் மோதினால் இரண்டுக்கும் காயம்தான்.

பிறகு கிழக்கு வெயில் முதுகில் படும்படி மேற்கே பார்த்து உட்காருங்கள். மார்கழியில் பிசானப் பருவத்து நெற்பயிர் பச்சையாக விரிந்து கிடக்கும். அதற்குள் குளங்கள் ஒவ்வொன்றாக மின்னும். அதற்கும் அப்பால் பொதிகை நீலமாகத் தெரியும். அந்த நேரத்தில் நாய் மூக்கைத் தூக்கிக் காற்றைக் குடிப்பதைப் பாருங்கள். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, நாசி மட்டும் விடாமல் துடிக்கும். கீழே நெல்லும் சேறும் ஆட்டுக்கிடையும் என்ன சொல்கின்றன என்று அதற்குத்தான் தெரியும். இந்தக் காட்சிக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

படி 7: இறக்கம்

எட்டரைக்குப் புறங்கையைப் பாறையில் வைத்து ஏழு வரை எண்ணுங்கள். கை தாங்கவில்லை என்றால் நாயின் காலும் தாங்காது. தாங்கும்போதே கிளம்பிவிடுங்கள். இறக்கத்தில் நாய் இழுக்கும், நாமும் சேர்ந்து உருளுவோம். எனவே கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் பிடியுங்கள்.

நாய் விடாமல் இரைத்து, எச்சில் கெட்டியாக வடிந்து, ஈறு கடுஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அது சூட்டுத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடையிடுக்கு, பாதம் எல்லாவற்றிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே நிற்கும். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், தானாகக் குடித்தால் குடிக்கட்டும். தேறியதுபோல் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

படி 8: அடிவாரத்தில்

பத்து மணிக்கு மேல் பகல் முழுக்க உங்களுடையது. தெரிந்தவர் வயலில் பம்புசெட்டு ஓடினால் அவரிடம் கேட்டுவிட்டு ஒரு குளியல் போடலாம். வேப்பமரத்தடியில் புளியோதரையைப் பிரிக்கலாம். கொண்டுபோன பிளாஸ்டிக் எல்லாம் திரும்பிவர வேண்டும். தடத்தில் நாய் போட்டதையும் கவரில் எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நாயை மல்லாக்கப் படுக்கவைத்து ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள். நெருஞ்சி முள் அங்கேதான் ஒளியும். காதுக்குள்ளும் அக்குளிலும் உண்ணியும் ஊசிப்புல்லும் இருக்கும். உண்ணியை நசுக்காமல் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மறுநாள் காலை, எழுந்ததும் அது எப்படி நடக்கிறது என்று ஒருமுறை கவனியுங்கள். நாலு காலையும் ஒரேமாதிரி ஊன்றி வாசலுக்கு ஓடினால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நண்பர்களிடம் நேரம் சொல்லிவிடலாம்.