பிரெஞ்சுப் புரட்சிய எப்படிப் படிக்கலாம்? ஒரு கல்யாணத்துல இருந்து ஆரம்பிங்க

பிரெஞ்சுப் புரட்சி பத்தி படிக்க உக்கார்றவங்க பெரும்பாலும் பாஸ்டில் சிறையில ஆரம்பிச்சு நெப்போலியன் வரைக்கும் வருஷ வரிசையா போவாங்க. பரீட்சைக்கு அது போதும், ஆனா சுதந்திரம் சுதந்திரம்னு ஒண்ணா தெருவுக்கு வந்தவங்க அஞ்சே வருஷத்துல எப்படி ஒருத்தர ஒருத்தர் கொல்ற எடத்துக்கு வந்தாங்கன்னு அதுல பிடிபடாது. அதுக்கு ஆளப் பிடிச்சுப் படிக்கணும்.

புரட்சிக்காகப் பேனா பிடிச்ச பத்திரிகைக்காரர் கமீல் தெமுலான எடுத்துக்கோங்க. 1790 டிசம்பர் 29, பாரிஸ்ல அவருக்கும் லூசிலுக்கும் கல்யாணம். சாட்சிகள்ல கூடப் படிச்சவரும் பின்னாடி புரட்சி அரசாங்கத்துல பெரிய தலைவரானவருமான ரோபஸ்பியர் இருக்காரு, பத்திரிகைக்காரர் பிரிஸோ இருக்காரு, அரசியல்வாதி பெத்தியோன் இருக்காரு. இந்த அஞ்சு பேரையும் ஒரு பேப்பர்ல எழுதி, 1794க்குள்ள யாருக்கு என்னாச்சுன்னு பக்கத்துலயே குறிச்சுட்டு வாங்க. ஒருத்தர் கூட மிச்சமில்ல.

அடுத்து, ஒரே ஆள் வேற வேற வருஷத்துல பேசுனத பக்கத்துல பக்கத்துல வைங்க. 1791 மே மாசம் மரண தண்டனையே கூடாதுன்னு நாட்டோட சட்டசபையில வாதாடுன ரோபஸ்பியர், 1792 டிசம்பர்ல ராஜா சாகணும்ங்கிறாரு. உடனே ஆளு வேஷக்காரர்னு முடிவு கட்டிடாதீங்க, நடுவுல என்ன நடந்துச்சுன்னு பாருங்க: ஆஸ்திரியாவோட போர், ராஜா மேல கை வெச்சா பாரிஸயே அழிச்சிடுவோம்னு எதிரிப் படைத் தளபதியோட மிரட்டல், செப்டம்பர்ல சிறைக்குள்ள படுகொலை. கொள்கைய மட்டும் படிச்சா பாதிதான் தெரியும், யாருக்கு எப்போ என்ன பயம் இருந்துச்சுங்கிறதையும் சேத்துப் படிக்கணும்.

வதந்தியத் தாண்டிப் போயிடாதீங்க. 1789 கோடையில, பிரபுக்கள் கூலிக்கு அனுப்புன கொள்ளைக்காரங்க பயிர அழிக்க வர்றாங்கன்னு ஊர் ஊரா பேச்சு பரவுச்சு, ஜனங்க ஆயுதம் தூக்குனாங்க, பல எடத்துல பிரபுக்களோட மாளிகையில இருந்த பழைய வரிப் பத்திரங்கள எரிச்சாங்க, ஆகஸ்ட் 4 ராத்திரி சபை பிரபுக்களோட சலுகைகள ரத்து பண்ணுச்சு. வராத கொள்ளைக்காரனுக்குப் பயந்து வந்த நிஜ மாற்றம் அது.

ரொம்ப நிதானமா படிக்க வேண்டியது 1793 கடைசி. தன் கல்யாணத்துக்கு சாட்சியா நின்ன பிரிஸோவையே கமீல் துரோகின்னு தாக்கி எழுதியிருந்தாரு, அக்டோபர் 31 பிரிஸோ தலை போச்சு. டிசம்பர்ல அதே கமீல் புதுசா பத்திரிகை ஆரம்பிச்சு, சந்தேகத்துல பிடிச்சு அடைச்சவங்கள விடுங்க, கருணைக்குன்னு ஒரு கமிட்டி போடுங்கன்னு எழுதுறாரு. அந்த நேரத்துல அப்படி எழுதுறதுக்கு எவ்வளவு துணிச்சல் வேணும்! 1794 ஜனவரில, புரட்சிக்காரங்க கூடுற ஜாக்கோபின் கிளப்ல அந்த இதழ்கள எரிச்சிடலாம்னு ரோபஸ்பியர் சொல்ல, எரிக்கிறது பதில் ஆகாதுன்னு கமீல் திருப்பிக் குடுத்தாரு. மார்ச் கடைசில கைது, அந்த உத்தரவுல ரோபஸ்பியர் கையெழுத்தும் இருக்கு. ஏப்ரல் 5 இன்னொரு புரட்சித் தலைவர் தாந்தோனோட சேத்து கமீல் தலை போச்சு, 13ஆம் தேதி லூசில் தலையும். இங்க நல்லவன் கெட்டவன்னு பிரிக்காதீங்க, பிரிஸோவத் தாக்குன கையும் கருணை கேட்ட கையும் ஒரே ஆளோடதுதான், ரெண்டையும் சேத்தே பாருங்க.

ரோபஸ்பியர் முடிவையும் இதே மாதிரி படிங்க. குற்றம் சாட்டுனவங்களுக்கு வக்கீல் கிடையாதுங்கிற ஜூன் 10 சட்டத்துக்குப் பின்னாடி நின்னவரு, ஜூலை 28 விசாரணையே இல்லாம தலை வெட்டுற கில்லட்டினுக்குப் போனாரு.

இது முடிஞ்சதும் ஒலிம்ப் த கூஜ் பேர்ல ஒரு பேப்பர் ஆரம்பிங்க, 1791ல பொம்பளைங்களுக்குத் தனியா உரிமைப் பிரகடனம் எழுதுனவங்க, 1793 நவம்பர் 3 கொன்னுட்டாங்க, அந்த ரெண்டு தேதிக்கு நடுவுல என்னன்னு நீங்களே நிரப்புங்க.